அப்பா குடியை விட்ட நாள்

விழுப்புரம்
12.08.2023

அன்புள்ள சஹானாவுக்கு,

ஆசிகள். சட்டம் படிக்கும் பெண்களுக்கு எங்கள் சுப்பராயலு நினைவு அறக்கட்டளை கொடுக்கும் உதவித்தொகைக்கு நீ அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. மதிப்பெண் நன்றாக இருக்கிறது. கையெழுத்து அதைவிட நன்றாக இருக்கிறது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். இந்த டிரஸ்டில் எல்லாமே கடிதம்தான். போனில் பேசினால் நாளைக்கு நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். தவிர, பணம் கொடுக்கிறவர்கள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கைப்பட எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டியில் உன் விண்ணப்பத்தைப் படித்தபோது ஒருவர் சிரித்தேவிட்டார். "ஜெயின் பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மா ஸ்காலர்ஷிப்பு? அவங்க மனசு வச்சா நம்ம டிரஸ்டுக்கே குடுப்பாங்க" என்றார். உன் அப்பாவுக்கு நகைக்கடை உண்டா, அடகுக்கடை உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று விவரமாக எழுது. தாமதிக்காதே.

ராஜாமணி
நிர்வாக அறங்காவலர்


திண்டிவனம்
16.08.2023

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அடகுக்கடை உண்டு அம்மா. செஞ்சி கடைத்தெருவில் இருக்கிறது. அங்கே கம்பிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். அம்மாவின் கம்மல் இப்போது அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள் இல்லை. தமிழ்ச் சமணர்கள். எங்கள் பக்கம் நயினார் என்பார்கள். செஞ்சிக்கு அப்பால் எங்கள் ஊர். அப்பா அனந்தராஜ் மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார், வீட்டுக்குக் கொஞ்சம் கேப்பை. மழை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் கடன். போன வருடம் பூ விடும் நேரத்தில் காய்ந்தது, பிடுங்கும் நேரத்தில் ஊறியது. அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் ஆபரேஷன் ஆனது. அக்கா அனுஷாவுக்கு வரன் பார்க்கிறோம். பணம் எந்த வழியில் போயிற்று என்று கேட்டால் காட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம்கூடக் கிடையாது. கறி, மீன், சாராயம் எதுவும் வாசற்படி ஏறியதில்லை.

சட்டம் ஏன் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தீர்கள். எங்கள் வரப்பைப் பக்கத்து நிலக்காரர் வெட்டிச் சேர்த்துக்கொண்டார், வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் ஒவ்வொரு முறையும் வாய்தா வாங்கினார். அப்பா ஒவ்வொரு முறையும் அவர் வீட்டுக்கு மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் வழக்குத் தோற்றுப்போன விஷயத்தை எதிர்க்கட்சிக்காரர்தான் பரிதாபப்பட்டு எங்களுக்குச் சொன்னார். அன்றைக்கே நான் வக்கீல் ஆவது என்று முடிவாகிவிட்டது.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் இங்கே தனியார் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் இருக்கிறேன். மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் என் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வேறு வழி இல்லை அம்மா.

தங்கள் உண்மையுள்ள
அ. சஹானா


விழுப்புரம்
21.08.2023

அன்புள்ள சஹானாவுக்கு,

நல்ல கடிதம். அடகுக்கடை வரியைப் படித்து நான் சிரித்தேன். அதுதான் தொந்தரவு. சிரிக்க வைக்கிற பிள்ளைக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஆகவே அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள், சொல்கிறேன் கேள். மழை பெய்யவில்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மழை மேல் யார் கோபப்பட முடியும்? கொடுக்கிறவருக்குக் கோபம் வர வேண்டும் அம்மா. இந்தப் பாவிப்பயலிடமிருந்து இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்ற வேண்டும். அதுவும் நயினார் வீட்டுப் பெண் என்றால் வசதி இருந்து யாரோ அழித்திருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அந்த யாரோ யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உன் அப்பா குடிப்பாரா? வெட்கப்பட்டு மறைக்காதே. எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் உள்ள கதைதான். அப்படி இருந்தால் கமிட்டியில் ஒரு நிமிடத்து வேலை. இல்லையென்றால் இல்லை என்று எழுது, அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். வியாழனுக்குள் பதில் வேண்டும்.

ராஜாமணி


திண்டிவனம்
23.08.2023

அம்மா அவர்களுக்கு,

குடிப்பார். தினமும்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

சஹானா


விழுப்புரம்
04.12.2023

அன்பு மகள் சஹானாவுக்கு,

கல்லூரியில் முதல் பருவம் நன்றாகப் போகிறது என்று உன் மாதக் கடிதங்களில் பார்க்கிறேன். சிகாகோவில் இருக்கிற புகழேந்தி சார் உன்னை ஐந்து வருடமும் தன் செலவிலேயே படிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டார். உன்னுடைய அந்தச் சின்னக் கடிதத்தை அவர் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். இரண்டு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று எனக்கு எழுதியிருக்கிறார். அவர் அழுததாகவும் எழுதியிருக்கிறார்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கல்யாண மண்டபத்தில் நம் ஆண்டு விழா. புகழேந்தி சார் நேரில் வருகிறார். நீ மேடையில் பேச வேண்டும். குறிப்பு அனுப்புகிறேன்: அப்பா சம்பாதித்ததைக் குடித்தது, ராத்திரியில் நீங்கள் பயந்துகொண்டிருந்தது, பாத்திரத்தைத் தூக்கி எறிந்தது. அம்மாவை அடித்திருந்தால் அதையும் சொல்லலாம். அழுகை வந்தால் அடக்காதே, வராவிட்டால் வரவழைக்காதே. அது தெரிந்துவிடும்.

அப்பாவைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும். எங்கள் விழாவில் ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிற தகப்பன்மார்கள் மேடையேறி, என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். மண்டபமே எழுந்து நின்று கை தட்டும். அன்று ஒருநாளாவது அவரைக் குடிக்காமல் பார்த்துக்கொள். குளிக்க வைத்து, வெள்ளை வேட்டி கட்டி அழைத்து வா.

ராஜாமணி


திண்டிவனம்
08.12.2023

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்கள் செய்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அதை மறக்க மாட்டேன். நான் மேடையில் பேசுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுப்பதை அப்படியே பேசுகிறேன்.

அப்பா மட்டும் வேண்டாம் அம்மா. அவருக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடப் பேசாமல் தூணுக்குப் பின்னால் நிற்பார். முதுகுவலியும் இருக்கிறது, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. விதைப்பு நேரம் வேறு. அம்மாவை அழைத்து வருகிறேன். வேண்டுமானால் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள்.

தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

சஹானா


விழுப்புரம்
12.12.2023

சஹானாவுக்கு,

அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குடித்தது அவளா?

புகழேந்தி சார் விமானம் ஏறி வருவது உன் அப்பாவைப் பார்க்கத்தான். அவர் தோளில் சால்வை போட வேண்டும் என்று பட்டுச் சால்வை வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த பருவத்துக்கான காசோலையும் மேடையில்தான், உன் அப்பா சத்தியம் செய்த கையோடு. அப்பா வராவிட்டால் காசோலை திரும்பிப் போகும். முதுகுவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வரச் சொல்.

ராஜாமணி


திண்டிவனம்
29.01.2024

ராஜாமணி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கும் படம் எடுத்து அனுப்ப மாட்டீர்கள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

என் அப்பா குடித்ததே இல்லை. இளவயதில் எங்கள் ஊர் ஜினாலயத்துக்கு வந்த முனிவர் முன்னால் விரதம் எடுத்தவர். சாராயம் இருக்கட்டும், தேன்கூட நாக்கில் வைக்க மாட்டார். இருமலுக்குத் தேன் கலந்த மருந்து கொடுத்த டாக்டரிடம் வேறு மருந்து கேட்டு நின்றவர். அவரைத்தான் நான் குடிகாரர் என்று எழுதினேன். உங்களிடம் எழுதியதை அவரிடம் சொல்லவும் இல்லை. விழாவில் எனக்குப் பரிசு தருகிறார்கள் என்று பொய் சொல்லி அழைத்து வந்தேன். சந்தோஷமாக வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்தார்.

நான் பேசும்போது அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் நான் வேறு யாரோ ஒருவருடைய கதையைச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தார். முகத்தில் பரிதாபம் இருந்தது. "என் அப்பா அனந்தராஜ்" என்று நான் சொன்னதும் அந்த முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நீங்கள் கூப்பிட்டதும் எழுந்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நேராக நடந்து போய்க் கற்பூரத்தின் மேல் கையை வைத்தார். மற்றவர்கள் தட்டிவிட்டு எடுத்தார்கள். அவர் வைத்த கையை எடுக்கவில்லை, நீங்கள்தான் பிடித்து எடுத்தீர்கள். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

பஸ் செஞ்சிக்கு வந்தது. இறங்கும்போது, "மீதி வருஷத்துக்கும் கட்டிடுவாங்க இல்ல பாப்பா?" என்றார். அவ்வளவுதான்.

விழாவை எடுத்து நீங்கள் இணையத்தில் போட்ட வீடியோ எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. கோயிலில் அபிஷேகத்துக்கு அப்பாவின் முறை வந்தபோது, "இந்த வாட்டி வேற யாராச்சும் பாத்துக்கட்டும் அனந்தராஜு, நீ கொஞ்ச நாள் வெளிய நின்னு கும்பிட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். வந்தவாசியிலிருந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனை எடுப்பதில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "ஆமா, குடிச்சிக்கினு இருந்தேன். இப்ப வுட்டுட்டேன்" என்கிறார். இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேனாம். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் அதற்குத் தகுதியானவள்தான்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று எங்கள் கோயில் நிர்வாகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். என் உதவித்தொகையை நிறுத்தினாலும் சரி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சஹானா


விழுப்புரம்
05.02.2024

சஹானாவுக்கு,

என்னமோ புதிதாகச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். சாராயம் வாசற்படி ஏறியதில்லை என்று உன் முதல் கடிதத்தில் நீயே எழுதினாய். எனக்குப் படிக்கத் தெரியாதா?

அதுவும் போகட்டும். இந்த டிரஸ்ட் யார் பெயரில் இருக்கிறதோ அந்தச் சுப்பராயலு குடித்தே செத்தவர். அவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் எடுத்த வாந்தியைத் துடைத்து, அவருக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு மனிதன் படியேறி வரும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். உன் அப்பா மண்டபத்துக்குள் வந்து செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தபோதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும்தான் அவரைக் கூப்பிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அவர் கையை எடுக்காமல் நின்றாரே, அந்த ஒரு காட்சிக்காக அன்றைக்கே வேறு பெண்களுக்கும் பணம் தர ஆட்கள் முன்வந்தார்கள். வளவனூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்பாவே இல்லை. அவளை நான் எந்தக் கற்பூரத்தின் முன்னால் நிறுத்துவது? உன் அப்பாவின் கை சுட்டதில் அவள் படிக்கிறாள். இதற்காக நான் வெட்கப்பட மாட்டேன்.

வீடியோவை எடுக்க முடியாது. கோயிலுக்கும் எழுத முடியாது. நீ சட்டம் படிக்கிறாய், யோசித்துப் பார். என் கடிதம் உன்னிடம் இருக்கும், உன் கடிதம் என்னிடம் இருக்கிறது. என் கடிதத்தில் இருப்பது கேள்வி. உன் கடிதத்தில் இருப்பது பதில். பொய் சொல்லிப் பணம் வாங்கியவள் என்று நான் ஒரு தாள் எழுதினால் நாளைக்கு நீ எந்தக் கோர்ட்டில் கோட்டு மாட்டுவாய்? உன் அப்பாவுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் பார்.

இந்த மாதக் கடிதம் இன்னும் வரவில்லை. நன்றி சொல்லி வழக்கம்போல் எழுது.

ராஜாமணி


விழுப்புரம்
03.12.2024

சஹானாவுக்கு,

மாதா மாதம் உன் கடிதம் வருகிறது. இப்போதெல்லாம் எல்லா மாதமும் ஒரே இரண்டு வரிதான். பரவாயில்லை, கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

இந்த ஆண்டு விழாவுக்குப் புகழேந்தி சார் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். போன விழாவில் சத்தியம் செய்தவர்களில் அதைக் காப்பாற்றியவர் எவராவது உண்டா என்று கேட்டார். விசாரித்தேன். எல்லாரும் பழையபடி கடையில்தான் நிற்கிறார்கள். உன் அப்பா ஒருவர்தான் மிச்சம். அவர் மேடையேறி, ஒரு வருடமாகத் தொடவில்லை, இப்போது குடும்பம் எப்படி இருக்கிறது என்று பேச வேண்டும். மாலை, விருது எல்லாம் உண்டு. மற்ற தகப்பன்மார்களுக்கு அவர் புத்தி சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுப்புக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதே.

ராஜாமணி


திண்டிவனம்
16.12.2024

ராஜாமணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்களுக்கு என்னவெல்லாம் எழுத வேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வசவாக வைத்திருந்தேன். அதையெல்லாம் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

அப்பா விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே இருந்தாள். அவளுக்கு இப்போது யாரும் வரன் கொண்டு வருவதில்லை. அம்மா ஒரு செம்பு தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படிப்பு வேண்டாம், நான் செங்கல் சூளைக்கு வேண்டுமானாலும் போகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"இன்னா பேச்சு பேசற? போன பேரு போச்சு, அது திரும்பி வருமா? நீ நடுவுல வுட்டுட்டு வந்து நின்னா நான் எதுக்கு அந்த மேடையில ஏறினேன்? பேரும் போயி படிப்பும் போனா நான் உண்மையிலேயே குடிகாரன்தான். வர்றேன்னு எழுதிப் போடு" என்றார்.

அப்புறம் கொஞ்ச நேரம் மல்லாட்டை உடைத்தார். பிறகு அம்மாவுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"போன வாட்டி அந்த அமெரிக்கா சாரு சால்வை போடறப்ப, என் காதுகிட்ட குனிஞ்சி, இன்னா சரக்குய்யா அடிச்சிக்கினு இருந்தன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? முழிச்சேன். அவுரு சிரிச்சிக்கினே போய்ட்டாரு. இந்த வாட்டி மைக்குல கேட்டாருன்னா? பத்து பேரு முன்னாடி முழிச்சா உன் படிப்பு போய்டும் பாப்பா. ஒரு பேரு சொல்லிக்குடு, நான் மனசுல வச்சிக்கிறேன்."

எனக்கும் தெரியவில்லை. விடுதியில் பக்கத்து அறை லூர்துமேரிக்குப் போன் போட்டேன். அவள் சித்தப்பா டாஸ்மாக்கில் விற்பனையாளர். அவரிடம் கேட்டுச் சொன்னாள். ஒரு பிராந்தியின் பெயர், அதை எதில் கலப்பார்கள், தொட்டுக்கொள்ள என்ன வாங்குவார்கள், எல்லாம் சொன்னாள். அதை நான் என் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வழக்குக்காகத்தான் நான் சட்டம் படிக்க வந்தேன் அம்மா. படிப்பில் சேர்ந்து நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் இதுதான்.

இங்கிலீஷ் பெயர், அவர் வாயில் நுழையவில்லை. மல்லாட்டையை உடைத்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். குவார்ட்டர் என்றால் பாட்டிலா, டம்ளரா என்று கேட்டார். பாட்டில் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று சொன்னால் நம்புவார்கள் என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு நாக்கு பழகிவிட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பஸ் வருவதற்குள் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினார். ஒரு தப்பு இல்லை.

வருகிறோம். முன்வரிசையில் நாற்காலி போட்டு வையுங்கள். புகழேந்தி சாரை மைக்கிலேயே கேட்கச் சொல்லுங்கள். இந்த முறை அப்பா முழிக்க மாட்டார்.

சஹானா